கணக்குப் புத்தகத்தில் செத்தவன்

‘தோழர், வாரியர் நாலாவது சீசன் வருமா, வராதா?’

கேட்டவர் ஒரு கல்லூரி மாணவர். இடம், எங்கள் கிளைக்கு எதிரே உள்ள டீக்கடை. கூட வந்திருந்த இரண்டு பேர் முகத்திலும் அதே கேள்விதான். பென் டிரைவில் போட்டு அந்தத் தொடரை அவர்களுக்குக் கொடுத்தவன் நான். அதனால் அதன் ஆயுளுக்கும் நானே ஜவாப்தாரி என்று நினைத்துவிட்டார்கள் போல. ‘வராதுப்பா’ என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்திருக்கலாம். ஆனால் கேள்வியிலேயே ஏதோ ஒன்று உறுத்தியது. ஒரு கதை பிழைக்குமா பிழைக்காதா என்பதை அடுத்த சீசன் வருவதையும் வராததையும் வைத்துத்தான் அளக்க வேண்டுமா? அந்த அளவுகோல் யாருடையது? சேனல்காரனுடையது. அதை நாம் ஏன் கையில் எடுத்துக்கொண்டு அலைகிறோம்?

பார்க்காத தோழர்களுக்காகச் சுருக்கமாக. ‘வாரியர்’ அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர். 1870களின் கடைசியில் சான்பிரான்சிஸ்கோ நகரத்துச் சீனர் பேட்டையில் நடக்கிற கதை. தமக்கையைத் தேடிக் கப்பலேறி வரும் ஆ சாம் என்கிற சண்டைக்காரன் அங்கிருக்கிற ஒரு ரவுடிச் சங்கத்துக்கு விற்கப்படுகிறான். அந்த மாதிரிச் சங்கத்துக்கு ‘டாங்’ என்று பெயர். தேடி வந்த அக்கா எதிர்ச் சங்கத்தில் இருக்கிறாள். வெளியே வெள்ளைப் போலீஸ், வேலையில்லாத ஐரிஷ் கூலிகள், இரண்டு பக்கமும் காசு பார்க்கும் அரசியல்வாதிகள். 2019 முதல் 2023 வரை மூன்று சீசன், முப்பது எபிசோடு. மூலக் கதை புரூஸ் லீ எழுதி வைத்த குறிப்பு. அதனால்தான் நான் பார்க்கவே ஆரம்பித்தேன், மறைப்பானேன். எங்கள் ஊர் சலூனில் கண்ணாடிக்கு மேலே மாட்டியிருந்த படங்களில் முருகனுக்குப் பக்கத்தில் சட்டையில்லாமல் நின்றவர் புரூஸ் லீ. முடி வெட்டி முடியும் வரை அவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்போம். ஒல்லியான ஆள், நம்ம நிறம் இல்லை, நம்ம பேச்சு இல்லை. ஆனாலும் அவர் அடித்தால் நாம் அடித்த மாதிரி இருந்தது. அது ஏன் என்பது வேறு கட்டுரை.

இந்தத் தொடர் செத்தது ஒரு தடவையல்ல, மூன்று தடவை. முதல் சாவு 1971இல்.

புரூஸ் லீ 1940இல் சான்பிரான்சிஸ்கோ சீனர் பேட்டையின் மருத்துவமனையில் பிறந்தவர். அப்பா காண்டனீஸ் ஆப்பெரா நடிகர், நாடகக் குழுவோடு வந்திருந்தார். அந்தத் தேதியைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். சீனத் தொழிலாளிகள் அமெரிக்காவுக்குள் வரக்கூடாது என்று 1882இல் போட்ட சட்டம் அப்போதும் உயிரோடு இருந்தது. பத்து வருடத்துக்கு என்று போட்டார்கள், 1892இல் நீட்டினார்கள், 1902இல் நிரந்தரமாக்கினார்கள். 1943இல்தான் நீக்கினார்கள். நீக்கிவிட்டு வருடத்துக்கு 105 பேர் வரலாம் என்று ஒரு பிச்சைக் கணக்கும் போட்டார்கள். அப்படியானால் அந்த மண்ணில் பிறந்த குழந்தை எப்படிக் குடிமகன் ஆனது? வோங் கிம் ஆர்க் என்ற சமையல்காரர் நீதிமன்றம் ஏறிச் சண்டை போட்டு, இங்கே பிறந்தவன் இந்த நாட்டுக் குடிமகன்தான் என்று 1898இல் உச்ச நீதிமன்றத்தைச் சொல்ல வைத்திருந்தார். புரூஸ் லீயின் கையிலிருந்த அமெரிக்கக் குடியுரிமைக்குப் பின்னால் அந்தச் சமையல்காரர் நிற்கிறார்.

வளர்ந்து, ஹாலிவுட்டில் ‘கிரீன் ஹார்னெட்’ தொடரில் கார் ஓட்டுகிற கேட்டோவாக நடித்தார். 1966, 67. முதலாளி வெள்ளைக்காரர், கதாநாயகரும் அவரே. அடிக்கிற வேலை மட்டும் டிரைவருக்கு. 26 எபிசோடில் ஊற்றி மூடினார்கள். ஆனால் ஹாங்காங்கில் அதே தொடரை ‘கேட்டோ ஷோ’ என்றுதான் மக்கள் அழைத்தார்கள். யார் நாயகன் என்பதைப் பார்க்கிறவர்கள் தீர்மானித்துவிட்டார்கள்! இதன் பிறகுதான் தனக்கென்று ஒரு தொடரை யோசித்து எழுதுகிறார். அமெரிக்க மேற்குப் பகுதியில், கௌபாய்களின் காலத்தில், ஒரு சீனச் சண்டைக்காரன். அவனுக்கு வைத்த பெயர் ஆ சாம். கொண்டுபோய்க் காட்டினார். நடக்கவில்லை.

1971 டிசம்பரில் பியர் பெர்ட்டன் என்ற கனடாப் பத்திரிகையாளர் ஹாங்காங்கில் அவரைப் பேட்டி எடுத்தார். ஒளிப்பதிவு இன்றைக்கும் இருக்கிறது, தேடிப் பாருங்கள். அந்தத் தொடர் வருமா என்ற கேள்விக்கு, வியாபார ரீதியில் அது ஆபத்து என்று அவர்கள் நினைக்கிறார்கள், நான் அவர்களைக் குறை சொல்லவில்லை, பணம் போடுகிற இடத்தில் நான் இருந்தாலும் எனக்கும் அந்தக் கவலை வந்திருக்கும் என்கிற பொருளில் பதில் சொல்கிறார். சிரித்துக்கொண்டே சொல்கிறார். எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கும்போது வயிற்றைப் பிசைகிறது. நம்மை வேண்டாம் என்று சொன்னவனின் நியாயத்தை நம் வாயாலேயே எடுத்துச் சொல்லும் பக்குவம் எங்கிருந்து வருகிறது என்று நம்மில் பலருக்கும் தெரியும். நேர்முகத் தேர்வு முடிந்து வெளியே வந்தவன், ‘அவங்க மேலயும் தப்பு இல்லப்பா’ என்று சொல்வானே, அந்தச் சிரிப்பு.

அடுத்த வருடமே, 1972இல், ஏ.பி.சி. சேனலில் ‘குங்ஃபூ’ வந்தது. அதே மேற்குப் பகுதி, அதே காலம், பாதிச் சீன ரத்தமுள்ள சண்டைக்காரன். நடித்தவர் டேவிட் கேரடைன் என்ற வெள்ளைக்காரர். லீயின் யோசனையைத் திருடிவிட்டார்கள் என்று அவருடைய மனைவி லிண்டா எழுதினார். இல்லை, எட் ஸ்பீல்மேன், ஹோவர்ட் ஃபிரீட்லாண்டர் இருவரும் அதற்கு முன்பே தனியாக எழுதியது அது என்கிறார் லீயின் வரலாற்றை விரிவாக ஆராய்ந்து எழுதிய மேத்யூ போலி. போலி சொல்வதுதான் சரியாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் திருட்டை நிரூபித்தால்தான் குற்றம் நிற்கும் என்றில்லையே. சீனனின் கதைக்குக் காசு போடத் தயார், சீனனின் முகத்துக்குப் போடத் தயாரில்லை. ‘குங்ஃபூ’ 1975 வரை ஓடியது. ஆபத்து என்று சொன்னது கதையை அல்ல என்பது அத்தோடு தெரிந்து போயிற்று. புரூஸ் லீ அதற்குள், 1973 ஜூலையில், 32 வயதில் செத்துப் போனார்.

அவருடைய மகள் ஷானனுக்கு அப்போது நான்கு வயது. அப்பா விட்டுப்போன காகிதங்கள் பிறகு அவரிடம் வந்து சேர்ந்தன. பல வருடம் கழித்து ஜஸ்டின் லின் என்ற தைவானில் பிறந்த இயக்குநர் அவரைக் கூப்பிட்டு, அப்படி ஒரு குறிப்பு இருப்பதாகச் சொல்கிறார்களே, இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. ஜோனதன் ட்ராப்பர் என்ற வெள்ளை எழுத்தாளர் தொடராக எழுத, சினிமேக்ஸ் சேனலில் 2019 ஏப்ரலில் வெளிவந்தது. படம் பிடித்தது தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில். 48 வருடம் கழித்து ஒரு காகிதம் உயிர் பெற்றது.

இரண்டாவது சாவு நடந்த விதம் வேடிக்கை. இரண்டாவது சீசனை எடுத்து முடித்துவிட்டார்கள். 2020 ஜனவரியில், சினிமேக்ஸ் இனிமேல் சொந்தத் தொடர் எதையும் எடுக்காது என்று முடிவு வருகிறது. சினிமேக்ஸின் தாய்க் கம்பெனியை 2018இல் ஏ.டி. அண்டு டி. என்கிற தொலைபேசிக் கம்பெனி வாங்கியிருந்தது. அவர்களுக்கு எச்.பி.ஓ. மேக்ஸ் என்று இணையத்தில் புதுக்கடை திறக்கிற அவசரம். பழைய கடைக்குச் செலவு எதற்கு? இரண்டாவது சீசன் ஒளிபரப்பானதே அந்த வருடம் அக்டோபரில்தான். அதாவது, தொடரின் கழுத்தில் கத்தி வைத்தபோது அந்த சீசனை ஒரு பார்வையாளரும் பார்த்திருக்கவில்லை! ‘பார்க்க ஆளில்லை, அதனால் நிறுத்திவிட்டார்கள்’ என்று சொல்கிறவர்கள் இந்தத் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

பிறகு 2021 ஜனவரியில் அந்தப் புதுக்கடையில் பழைய இரண்டு சீசனையும் போட்டார்கள். பார்த்தவர்கள் பெருகினார்கள், ரசிகர்கள் மனுப் போட்டார்கள், ஏப்ரலில் மூன்றாவது சீசனுக்கு உத்தரவு வந்தது. செத்தவன் எழுந்து உட்கார்ந்தான். ஆனால் எழுந்தவனுக்குச் சோறு போட வேண்டிய வீட்டில் அதற்குள் சொத்துத் தகராறு. 2022 ஏப்ரலில் தொலைபேசிக் கம்பெனி கழன்றுகொள்ள, டிஸ்கவரியோடு சேர்த்துப் புதுக் கம்பெனி உருவாயிற்று, தலையில் ஐம்பது பில்லியன் டாலருக்கு மேல் கடனோடு. 2023 மே மாதம் கடையின் பெயரிலிருந்து எச்.பி.ஓ.வை எடுத்துவிட்டு வெறும் ‘மேக்ஸ்’ என்றார்கள். (2025இல் மறுபடி பழைய பெயரையே மாட்டினார்கள். போர்டு எழுதுகிறவருக்கு நல்ல வருமானம்.) ஜூன் 29 அன்று மூன்றாவது சீசன் வெளியானபோது எழுத்தாளர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். ஜூலை 14இலிருந்து நடிகர்களும். வேலைநிறுத்த விதிப்படி நடிகர்கள் தங்கள் தொடரைப் பற்றி எங்கும் பேசி விளம்பரம் செய்யக்கூடாது. செய்யவில்லை. அதுதான் சரி. ஆனால் அதன் விலையையும் தொடர்தான் கொடுத்தது. டிசம்பரில் ரத்து.

ரத்து ஆனது எப்படிப்பட்ட ஒன்று என்பதைச் சொன்னால்தான் இந்தக் கோபம் புரியும். சண்டைக் காட்சிகள் நன்றாக இருக்கின்றன, சும்மா சொல்லக்கூடாது. ஆனால் என்னைப் பிடித்து உட்கார வைத்தது சண்டை அல்ல, பேச்சு. சீனர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் காட்சி காண்டனீஸில் தொடங்கும். கேமரா மெல்ல அவர்களைச் சுற்றி நெருங்கும். நெருங்கி முடிக்கும்போது பேச்சு ஆங்கிலமாகியிருக்கும். அதுவும் தெருவில் பேசுகிற, கெட்ட வார்த்தையும் கிண்டலும் நிறைந்த, இன்றைய ஆங்கிலம். ஒரு வெள்ளைக்காரன் உள்ளே வந்தால் போதும், அதே ஆட்கள் தட்டுத்தடுமாறி இரண்டு வார்த்தை உடைந்த ஆங்கிலம் பேசுவார்கள். அவன் காதுக்கு அவ்வளவுதான் கேட்கும். கதவைச் சாத்திவிட்டுப் போனதும் மறுபடி அருவி.

இதை நான் தினமும் பார்க்கிறேன். கவுண்டருக்கு வெளியே வரிசையில் நிற்கும்போது பக்கத்திலிருப்பவரிடம் ஊர் வழக்கு, நெல் விலை, மகள் கல்யாணம், அரசாங்கத்தின் பித்தலாட்டம் எல்லாம் அப்படி ஒரு வீச்சோடு பேசிக்கொண்டு வருவார் ஒரு பெரியவர். கவுண்டர் முன்னால் வந்ததும் குரல் இறங்கிப் போகும். ‘சார்... இதுல... எங்க சார்...’ ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு படிவம் அவரைத் திக்குவாயாக்கிவிடுகிறது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவர்கள் அவருக்குப் பேச வராது என்று நினைத்துக்கொள்கிறார்கள். ‘வாரியர்’ எடுத்தவர்கள் கேமராவைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்தார்கள். அவ்வளவுதான் செய்தார்கள். ஹாலிவுட்டில் அதற்கு ஐம்பது வருடம் ஆகியிருக்கிறது.

இன்னொன்று ஐரிஷ்காரர்கள். சீனனை அடிக்கிறவர்களில் முன்னால் நிற்கிற டைலன் லியரி என்ற தொழிலாளர் தலைவனை வெறும் வில்லனாக எழுதிவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். அவன் பசித்தவன். அவனுடைய ஆட்கள் பசித்தவர்கள். கேபிள் கார் தண்டவாளம் போடும் ஒப்பந்தத்தில் முதலாளி கூலியைக் குறைக்கச் சீனர்களை இறக்குகிறான். முதலாளியின் வீடு மேட்டில் இருக்கிறது, சீனர் பேட்டை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. கல் எங்கே விழும்? வரலாற்றிலும் இதுதான். 1877இல் கலிபோர்னியாவில் ‘உழைக்கும் மக்கள் கட்சி’யை நடத்திய டெனிஸ் கியர்னி தானே அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர். மேடைக்கு மேடை அவர் பேச்சு முடிந்தது சீனர்கள் வெளியேற வேண்டும் என்பதில்தான். அந்த வருடம் ஜூலையில் சான்பிரான்சிஸ்கோவில் கூட்டம் கூடிச் சீனர்களின் சலவைக் கூடங்களை அடித்து நொறுக்கியது, உயிர்கள் போயின. தொடரின் இரண்டாவது சீசன் ஒன்பதாவது எபிசோடில் வருகிற கலவரம் அந்த நாட்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. உழைக்கிறவர்களையே அடுக்கடுக்காகப் பிரித்து நிறுத்தி, கீழ் அடுக்கில் இருப்பவன் தலையில் மேல் அடுக்கில் இருக்கும் ஏழையை ஏறி மிதிக்கச் செய்கிற வித்தையை நமக்கு யாரும் வந்து விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு சண்டைத் தொடர் அதை இவ்வளவு நிதானமாகக் காட்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆட வேண்டும் என்று சொல்லவில்லை. எனக்குச் சண்டை உண்டு. சினிமேக்ஸ் சேனலுக்கு உடம்பைக் காட்டி ஆள் சேர்க்கிற பழைய வழக்கம் உண்டு, அது இந்தத் தொடரின் விபச்சார விடுதிக் காட்சிகளில் அப்பட்டமாகத் தெரிகிறது. ஆ டாய் என்கிற விடுதித் தலைவி 1850களில் அந்த நகரத்தில் உண்மையிலேயே வாழ்ந்த பெண். அவருக்கு ராத்திரியில் கையில் வாளைக் கொடுத்துவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்று நினைத்திருக்கிறார்கள். அதைவிடப் பெரிய குறை, சீனர் பேட்டையில் உழைத்துச் சாப்பிட்டவர்கள் எங்கே? ரயில் பாதைக்காக சியரா நெவாடா மலையைக் குடைந்தவர்கள், துணி வெளுத்தவர்கள், சுருட்டுச் சுற்றியவர்கள் எல்லாம் பின்னணிக் கூட்டமாக ஓடுகிறார்கள். யாராவது ரவுடி வந்து காப்பாற்றும் வரை அடி வாங்குகிறார்கள். நிஜத்தில் அவர்கள் அப்படி இருக்கவில்லை. மரக் கட்டடத்தில் சலவைக் கூடம் நடத்த அனுமதி வாங்க வேண்டும் என்று 1880இல் நகராட்சி விதி போட்டது. நகரத்தில் சுமார் 320 கூடம், அதில் 310 மரக் கட்டடம், 240 சீனர்களுடையது. அனுமதி கேட்ட சீனர்கள் இருநூறு பேருக்கும் இல்லை என்றார்கள். சீனரல்லாதவர்கள் எண்பது பேருக்குக் கொடுத்தார்கள். விதியில் ‘சீனன்’ என்ற வார்த்தையே கிடையாது! யிக் வோ என்ற சலவைக் கூடத்தின் சொந்தக்காரர் அபராதம் கட்டாமல் ஜெயிலுக்குப் போய், வழக்கை உச்ச நீதிமன்றம் வரை இழுத்து 1886இல் ஜெயித்தார். எழுத்தில் சமமாக இருக்கிற சட்டத்தை நடைமுறையில் ஓரவஞ்சனையாகப் பிரயோகித்தாலும் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. உதையே இல்லாத சண்டை. இதற்கு ஒரு எபிசோடு கொடுத்திருக்கலாம். கொடுத்திருப்பார்களோ என்னவோ, நாலாவது ஐந்தாவது சீசன் வரை விட்டிருந்தால்.

அங்கேதான் வலிக்கிறது. கதை 1882ஐ நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. முதல் சீசனிலிருந்தே அரசியல்வாதிகள் அந்தத் தடைச் சட்டத்தைப் பற்றித்தான் குசுகுசுக்கிறார்கள். ரவுடிச் சங்கங்களை ஒன்றோடொன்று மோதவிட்டு, பார்த்தீர்களா இவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று சட்டத்துக்கு ஆதாரம் சேர்க்கிறார்கள். யார் கை எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடப் போகிறது என்று சொல்ல வேண்டிய இடத்துக்கு வருமுன் தொடரை நிறுத்திவிட்டார்கள்.

சரி, பிழைத்திருக்க முடியாதா? முடியும் என்பதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. ‘கோப்ரா காய்’. அதுவும் சண்டைத் தொடர்தான், கராத்தே. 2018இல் யூடியூபின் கட்டணச் சேவையில் ஆரம்பித்தது. இரண்டு சீசனுக்குப் பிறகு யூடியூப், கதைத் தொடர் எடுக்கும் வேலையே வேண்டாம் என்று கைகழுவியது. 2020இல் நெட்ஃபிளிக்ஸ் தூக்கிக்கொண்டது. ஆறு சீசன் ஓடி 2025 பிப்ரவரியில் கதையை முடித்து, கும்பிடு போட்டுவிட்டு இறங்கியது. ஒகினாவாக்காரர் சொல்லிக் கொடுத்த வித்தை யாருக்குச் சொந்தம் என்று வெள்ளைக்காரர்கள் அடித்துக்கொள்கிற கதை அது என்று நக்கலாகச் சொல்லலாம், நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் குமாஸ்தா மூளை அதோடு நிற்காது. பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்கும்.

‘கோப்ரா காய்’ சோனி நிறுவனத்தின் சொத்து. யூடியூப் வெறும் வாடகை வீடு. வீட்டுக்காரர் காலி பண்ணு என்றதும் சோனி மூட்டையைக் கட்டிக்கொண்டு அடுத்த தெருவில் குடியேறியது. ‘வாரியர்’ அப்படியல்ல. தொடரும் எச்.பி.ஓ. குடும்பத்துச் சொத்து, ஒளிபரப்பிய கடையும் அதே குடும்பம். வெளியே விற்றால் எதிரிக் கடை பிழைக்கும், உள்ளே வைத்தால் செலவு. 2023 டிசம்பரில் ரத்து செய்த கையோடு எடுத்து முடித்த மூன்று சீசனையும் நெட்ஃபிளிக்ஸுக்கும் ஒளிபரப்பக் கொடுத்தார்கள். 2024 பிப்ரவரியில் அங்கே வந்தது. ஆனால் நடிகர்களை ஒப்பந்தத்திலிருந்து விடுவித்துவிட்டார்கள். மாட்டை விற்காமல் பாலை மட்டும் வாடகைக்கு விட்ட கதை.

வங்கியில் வாராக்கடனை எழுதி நீக்குவது என்று ஒன்று உண்டு. வெளியில் இருப்பவர்கள் அதைத் தள்ளுபடி என்று நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை. கடன் அப்படியேதான் இருக்கும், வாங்கியவனும் இருப்பான், அவன் கட்ட வேண்டியதும் இருக்கும். எங்கள் புத்தகத்தின் முகப்பில் அது இருக்காது, அவ்வளவே. புத்தகம் சுத்தமாகத் தெரிய வேண்டும். இந்தக் கம்பெனி 2022 ஆகஸ்டில், படப்பிடிப்பு முடிந்த ‘பேட்கேர்ள்’ என்ற படத்தையே திரைக்கும் கொடுக்காமல் இணையத்திலும் போடாமல் மூடி வைத்தது. சுமார் 90 மில்லியன் டாலர் செலவழித்த படம். ஓடுகிறதா ஓடவில்லையா என்று பார்ப்பதற்கு அங்கே வாய்ப்பே தரவில்லை. அந்த வருடக் கடைசியில் ‘வெஸ்ட்வேர்ல்ட்’ என்ற தங்களுடைய பெரிய தொடரையே கடையிலிருந்து எடுத்தார்கள். அப்படிப்பட்ட புத்தகத்தில் கேப்டவுனில் செட் போட்டு நூற்றுக்கணக்கான துணை நடிகர்களோடு எடுக்க வேண்டிய ஒரு சீனர் பேட்டை எந்தப் பத்தியில் நிற்கும்? இவர்கள் 1971இன் ஆட்களைப் போல முகம் வேண்டாம் என்று சொன்னார்கள் என நான் சொல்ல வரவில்லை. இவர்கள் முகத்தைப் பார்க்கவே இல்லை. எது மோசம் என்பதை மாணவத் தோழர்கள் விவாதித்துக்கொள்ளட்டும். எனக்கு இரண்டாவதுதான் அதிகம் பயமாக இருக்கிறது. முதல் ஆளோடு சண்டையாவது போடலாம்.

இந்த இடத்தில் ரசிகர் மனுக்களைப் பற்றி. மனுவால் ஒரு தடவை உயிர் வந்தது, 2021இல். அப்போது புதுக்கடைக்கு ஆள் சேர்க்க வேண்டியிருந்தது, மனு போட்டவர்கள் ஆட்களாக எண்ணப்பட்டார்கள். 2023இல் கடன் அடைக்க வேண்டியிருந்தது, அதே ஆட்கள் செலவாக எண்ணப்பட்டார்கள். மனுவின் பலம் மனுவில் இல்லை, வாங்குகிறவனின் தேவையில் இருக்கிறது. தாலுகா ஆபீஸுக்கு நடந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

புரூஸ் லீ பெர்ட்டனிடம் சிரித்தார் என்று வருத்தப்பட்டேன் அல்லவா, அந்தச் சிரிப்பின் மறுபாதியையும் சொல்லிவிட வேண்டும். அதோடு அவர் உட்கார்ந்துவிடவில்லை. ஹாங்காங்கில் ரேமண்ட் சௌவோடு கூட்டுச் சேர்ந்து காங்கார்ட் என்று சொந்தப் படக் கம்பெனி ஆரம்பித்தார். ‘வே ஆஃப் தி டிராகன்’, 1972. எழுத்து அவர், இயக்கம் அவர், கதாநாயகன் அவர், பங்காளியும் அவர். மனு எழுதவில்லை. பத்திரத்தில் தன் பெயர் இருக்கும்படி பார்த்துக்கொண்டார். ஆ சாமை மட்டும் அப்படிக் காப்பாற்ற அவருக்கு நேரம் இருக்கவில்லை.

ஆகவே மாணவரின் கேள்விக்கு என் பதில், நாலாவது சீசன் வராது. நடிகர்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள், செட் சும்மா காத்திருக்காது, சொத்துக்காரனுக்கு அவசரமில்லை. இதை எழுதும் வரை எந்த அறிவிப்பும் இல்லை. வந்தால் நான் தோற்றதாக வைத்துக்கொண்டு எல்லாருக்கும் டீ வாங்கித் தருகிறேன். ஆனால் வராததால் செத்துவிட்டது என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மூன்று இதழோடு நின்றுபோன சிறுபத்திரிகைகளை ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டு இன்னும் படிக்கிறவர்கள் நாம். ‘வாரியர்’ நமக்குக் கிடைத்ததும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

இதையெல்லாம் டீக்கடையில் நின்று இவ்வளவு கோர்வையாகச் சொல்லவில்லை. பாதிதான் சொன்னேன், உணவு இடைவேளை முடிந்துவிட்டது. கிளம்பும்போது, ‘அந்த பென் டிரைவ் எங்கப்பா? அதுல என் கவிதையெல்லாம் இருக்கு, திருப்பிக் கொடுங்க’ என்றேன். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ‘அது ஹாஸ்டல்ல சுத்திக்கிட்டு இருக்கு தோழர். இப்ப யார் ரூம்ல இருக்குன்னு தெரியல.’